பனச்சமூட்டில் ஒரு எழுத்து

சந்தைக்கு நடுவில் போகிறது எல்லை.
அந்தப் பக்கம் மீன், இந்தப் பக்கம் மரச்சீனி.
என் கிளினிக் பலகையில் இரண்டு மொழியிலும் பெயர்;
மலையாளத்தில் ஒரு பிழை உண்டு.
பெயின்டரும் நானும் ஏழு வருடமாகப் பேசித் தீரவில்லை.

ரோஸ்லெட் உட்காரும் முன்பே சொன்னாள்:
"திருவனந்தபுரத்துல பெரிய டாக்டரு பாத்தாரு.
அற்புதம்னு சொன்னாரு, டாக்டரே.
ரெண்டு தடவ."
ஞானசிகாமணி பேசவில்லை.
இரண்டு விரல் நுழையாத வாய் அது இப்போது.
பால்வெட்டு முடித்து நேராக வந்திருந்தார்,
நகக்கண்ணில் ஒட்டுப்பால் கறுத்து.

கோப்பில் தாள்கள் வரிசை மாறாமல் இருந்தன.
இடது கன்னத்தின் உட்புறம். நான்கு சென்டிமீட்டர்.
கழுத்தில் இரண்டு நெறி.
அங்கே அவர் சொன்னது அர்புதம்.
பஸ்ஸேறி இங்கே வந்து சேர்வதற்குள்
அந்த ரகரம் றகரமாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு.
பழைய எண்சுவடியில் அற்புதம் என்றால் பத்துக்கோடி.
ஒரு மொச்சைக்கொட்டை அளவுக் கட்டியில்
ஏறக்குறைய அத்தனை செல்கள்.
(இவருடையது அதைவிடப் பெரிது. கணக்குப் போடவில்லை.)
இது எனக்குத் தெரியவந்த ராத்திரி
எழுந்து விளக்கைப் போட்டுக் குறித்து வைத்தேன்.
எதற்கென்று கேட்டால் பதில் இல்லை.
எழுதுகிற கைக்கு இந்தத் திருட்டுப்புத்தி உண்டு:
ஒருவருடைய கன்னம் உள்ளே அழுகிக்கொண்டிருக்கும்,
இது குனிந்து சொல் பொறுக்கும்.

மருந்துக்குப் பணம் கட்ட ரோஸ்லெட் வெளியே போனாள்.
வாயெடுத்தேன்.
அவர் கையைத் தூக்கினார்.
"இருவத்தஞ்சு கொல்லம் அவிடத் தோட்டத்துல வெட்டுனவன்.
எனக்கு மலையாளம் தெரியாதா?"
ஒவ்வொரு சொல்லையும் பல்லுக்குப் பின்னாலிருந்து
தள்ளித் தள்ளிக் கொண்டுவந்தார்.
"வெள்ளறடை வரைக்கும் சிரிச்சிட்டே வந்தா.
பஸ்ஸுல சன்னல் பக்கம் எடமும் கெடச்சுது.
கெடுக்க மனசு வரல்ல."

வாசலில் சில்லறை எண்ணும் சத்தம்.

கெட்ட செய்தி சொல்வது எப்படி:
பரீட்சையில் ஐந்து மதிப்பெண்.
உட்காரச் சொல். கண்ணைப் பார். இடைவெளி விடு.
நோயாளியே ஒளித்து வைத்திருந்தால் என்ன செய்ய,
அந்தக் கேள்வி எந்த வருடமும் வரவில்லை.

சொன்னேன், அவர் தலையசைத்த பிறகு.
அவள் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
"அப்போ ஒரு எழுத்துதானா வித்தியாசம்?"
பிறகு அவர் பக்கம் திரும்பி, மெதுவாக,
"ஒமக்குத் தெரியும்."
அது கேள்வியாக இல்லை.

அன்றிரவு நான் எழுதியதன் கடைசி வரியில்
அவளை மறுபடி சிரிக்க வைத்திருந்தேன்.
காலையில் அடித்தேன்.
கேஸ் ஷீட்டில் இப்படி ஒரு பொய் எழுதினால்
பலகையை இறக்கச் சொல்வார்கள்.
நோட்டில் எழுதினால் நன்றாக இருக்கிறது என்பார்கள்.
எனக்கு இரண்டுக்கும் ஒரே பேனாதான்.

மூன்றாம் வாரம் காப்பீட்டுப் படிவத்தோடு வந்தாள்.
வெளியே ஞானசிகாமணி ஒரு பையனிடம்
மழை விட்டதும் எந்த வரிசையிலிருந்து வெட்டத் தொடங்க வேண்டும்
என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார்.
நோயின் பெயர் என்ற கட்டத்தில்
தமிழில் எழுதச் சொன்னாள், தான் வாசிப்பதற்காக.
புற்று, என்று எழுதினேன்.
மை காயும்வரை பார்த்தாள்.

"இதுலயும் அந்தப் பெரிய ற தானே, டாக்டரே?"

ஆமாம், என்றேன்.
இதில் இரண்டு.