பாலம் திருப்புகிறவள்

ஒரு நாளைக்கு ஆறு முறை
கிஷிட்ஸ்கோவை இரண்டு துண்டாக்குகிறேன்.
அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

இந்தப் பக்கம் நியெகொச்சின் ஏரி,
அந்தப் பக்கம் கிசாய்னோ,
இரண்டையும் கோத்த கால்வாய், அதன்மேல் பாலம்,
பாலத்தில் ஒரு துளை,
துளையில் என் இரும்புத் தண்டு.
செக்குமாடு போல் சுற்றி வந்தால்
நூறு டன் எடை
கரையோரம் போய் ஒதுங்கிக்கொள்ளும்.
பாய்மரங்கள் போகும்.
கார்கள் ஹாரன் அடிக்கும்.

நட்சத்திரக் கோட்டை பார்த்துவிட்டு
நீர்க்காகங்களின் எச்சத்தில் வெளுத்துப்போன தீவுக்கு வழி கேட்கிறவர்கள்
தவறாமல் இதையும் கேட்பார்கள்:
மோட்டார் கிடையாதா?
கிடையாது.
ஜெர்மன்காரன் கட்டியபோதும் கைதான்.
ஊர்ப் பெயர் மாறியது.
பழைய பெயரைச் சொன்னவர்கள் மூட்டையோடு போனார்கள்,
புதுப் பெயர் வாயில் நுழையாதவர்கள்
வேறெங்கிருந்தோ மூட்டையோடு இறங்கினார்கள்.
திருப்பும் திசை மாறவில்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை.
நாரை கூட்டில் அலகைத் திறந்தபடி நின்றது.
திறந்த பாலம் மூடவில்லை.
வெயிலில் வீங்கி
இரண்டு விரல்கடை நீண்டுவிட்டது இரும்பு.

கோட்டைப் பக்கம் மாப்பிள்ளை செவெரின்.
நகரத்துப் பக்கம் தேவாலயமும் மலீனாவும்.
நடுவில் நான்,
கையில் தண்டோடு, மாமியார் மாதிரி.

தீயணைப்பு வண்டியில் வந்த இக்னாட்சி
கால்வாயிலேயே குழாயை இறக்கிப்
பாலத்தைக் குளிப்பாட்டினான்,
குதிரையின் முதுகு தேய்க்கிற பக்குவத்தில்.
ஆவி. பாசி வாசம்.
புகையிட்ட மீன் விற்கிறவன் கடையை விட்டு வந்தே நின்றுவிட்டான்.

கோட்டைக் கழற்றினான் செவெரின், பிறகு காலணியை.
குதித்தான்.
இருபது மீட்டர்கூட இருக்காது.
படகுக்காரர்கள் கைதட்டினார்கள்.

பாதியில் நீச்சலை விட்டு
மல்லாந்தான்.
வெள்ளைச் சட்டை உப்பி மிதந்தது.
அவனைத் தாண்டி ஒரு வாத்து போயிற்று.
முகத்தில் அவசரமே இல்லை.
மலீனா கூப்பிடுவாள் என்று பார்த்தேன்.
அவள் பூங்கொத்தைத் தலைக்கு மேல் பிடித்து
நிழல் செய்துகொண்டாள்.

அப்போதுதான் எங்கோ 'டக்' என்றது இரும்பு.
நான் சுற்றினேன்.
பாலத்தின் நிழல்
மெல்ல அவன்மேல் ஏறியது,
போர்வை போல.

எந்தக் கரையில் ஏறினான் என்று தெரியாது.
நாற்பது கார் என்னைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது.
தண்டை உருவி, எண்ணெய்த் துணியால் துடைத்து,
பதிவேட்டில் எழுதினேன்:
தாமதம், நாற்பத்தேழு நிமிடம்.
காரணம், வெயில்.