ஊதாக் குழாய்

முதலில் கிள்ளிப் பார்க்க வேண்டும்.
பால் வந்தால் சித்திரப்பாலாடை.
நடைபாதைக் கல் இடுக்கில், தரையோடு தரையாக,
யாரோ துப்பிய வெற்றிலை போலச் சிவந்து கிடக்கும்.
வீசிவிடு.
கையைக் கால்சட்டையில் துடை, கண்ணைத் தொடாதே.

பால் வரவில்லையென்றாலும் அவசரப்படாதே.
மஞ்ஜூர் அவசரப்பட்டான்.
நுனியா ஷாக், நுனியா ஷாக் என்று
புதையா சாலை நடுத்திட்டிலிருந்து
ஒரு சிமென்ட் சாக்கு நிறையக் கொண்டுவந்து
கடுகெண்ணெயில் வதக்கினான்.
அன்று ராத்திரி கக்கூஸ் வாசலில்
நவகாளியும் முல்தானும் திருவாடானையும்
வாளியோடு வரிசையில் நின்றன.
அது சாரணை. முற்றின சாரணை.
ஜோடி இலையைப் பார்த்திருக்கலாம்:
ஒன்று பெரிது, ஒன்று சிறிது,
அண்ணன் தம்பிக்குப் பிரித்த வயல் மாதிரி.
பூ இலைக்கக்கத்தில் ஒளிந்திருக்கும், வெளிர் ரோஸ்.
மஞ்ஜூருக்குப் பூப் பார்க்க நேரமில்லை.
எங்களுக்கும்தான். நாலு மணிக்கு வேன்,
நாலு அஞ்சுக்கு ஃபோர்மேன் உதுப்பானின் ஹாரன்.

பருப்புக்கீரை என்றால்
இலை தடிப்பு, வழவழப்பு, ரோமம் கிடையாது.
நாக்கில் புளிக்கும்.
விடியலில் பறித்தால் கூடுதலாகப் புளிக்கும் என்பார்
டிரைவர் ஸாபித், அவருக்கு அது குல்ஃபா.
கணுவில் நூல்நூலாக வெள்ளை முடி இருந்தால்
தரைப்பசலை, ஒன்றுவிட்ட தம்பி.
தின்னலாம். ஆய்வதற்குள் வெள்ளிக்கிழமை முடிந்துவிடும்.

இத்தனையும் தெரியும் என்று இருந்தேன்,
மார்ச் மாதம் ஒரு லெக்சஸ் வந்து ஓரம் கட்டும் வரை.

இறங்கிய அம்மாவுக்கு அறுபது இருக்கும்.
அபாயாவைச் சுருட்டி முழங்காலில் இடுக்கி
என் பக்கத்தில் குந்தினார்.
பர்பீர்? என்றார்.
பர்பீர், என்றேன்.
பதினோரு வருஷத்து அரபியில்
அதுதான் என் ஐம்பதாவது சொல்.

ஒரு கொத்தை எடுத்தார்.
இலையைத் திருப்பினார், கணுவைத் தடவினார்,
நுனியைக் கடிக்கப் போனவர் நிறுத்தி
செருப்பு முனையால் மண்ணைத் தள்ளினார்.
ஊதாக் குழாய்.

துப்ளியிலிருந்து வருகிற தண்ணீர்.
ஊரே கழுவிவிட்டதை வடித்து, மருந்திட்டு
பேரீச்சைக்கும் பெட்டூனியாவுக்கும் விடுவது.
குடிக்காதே என்று பலகை இருக்கிறது, நாலு மொழியில்.
தமிழ் இல்லை.
விரலை ஆட்டினார்: லா.
கொத்தைத் திரும்ப என் வாளியில் வைத்தார்,
எறியவில்லை.

அதே இலை. அதே செந்தண்டு.
முகர்ந்தாலும் தெரியாது.
என்ன குடித்தாய் என்று செடியைக் கேட்டால்
சொல்லுமா?

இப்போது பறிப்பது ஹமலா கேம்ப்பின் பின்சுவரில்.
வரிசையாக ஏசி. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு,
சொட்டுக்குக் கீழே ஒரு பச்சை வட்டம்.
எங்கள் அறைக்கு நேரேதான் அடர்த்தி.
எட்டுப் பேர் விட்ட மூச்சுதான்
சொட்டுகிறது என்கிறான் மஞ்ஜூர்.
அப்போ கீரையில் வேர்வை கரிக்கணுமே, என்றேன்.
நுன் என்றால் எங்கள் ஊரில் உப்பு,
அதனால்தான் நுனியா, என்றான்.
பாசிப்பருப்பு அடுப்பில் குழைந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அது பூக்கிறது.
சட்டைப் பித்தானைவிடச் சின்ன மஞ்சள்.
மதியத் தொழுகைக்கு ஆட்கள் கிளம்பும்போது
மூடிக்கொண்டுவிடும்.
வேலைநாளிலும் பூத்திருக்கும்தான்.
வேலைநாளில் அது களை.

ஒன்று விட்டுப்போயிற்று.
பிடுங்கிப் போட்ட பருப்புக்கீரை
உடனே சாகாது.
வேர் வெயிலைப் பார்க்க மூன்று நாள், நாலு நாள் கிடக்கும்.
கிடந்தபடியே காய் முற்றி, மூடி கழன்று
விதை கொட்டும். கறுப்பு, ரவையைவிடப் பொடி.
சாக்கை நாங்கள் இழுத்துப் போகிற வழியெல்லாம் கொட்டும்.

புதையா சாலை முழுக்கப் பதினோரு வருஷமாக
அதை விதைத்துவருவது
நான்தான் போலிருக்கிறது.

உதுப்பானிடம் சொல்லவில்லை.
ஜூனில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும்.