இரண்டு முறை வந்த பத்தாம் விநாடி

ஹார்லிங்கன் படகு மதகு. பிப்ரவரி. விடியவில்லை.
கதவு அசைந்த பிறகு
அசை என்ற கட்டளை வந்திருக்கிறது.

பதிவேடு அப்படித்தான் சொல்கிறது.
நாலு பன்னிரண்டு, ஒன்பதாம் விநாடி: கதவு அசைகிறது.
நாலு பன்னிரண்டு, பத்தாம் விநாடி: கதவே, அசை.

இடையில் ஒரு சரக்குப் படகு,
முந்நூறு டன் உருளைக்கிழங்கு.
பெயர் நோய்ட் ஹெடாக்ட்,
நினைத்தே பார்க்கவில்லை என்று அர்த்தம்.
மூக்கு நசுங்கியது. ஆளுக்கு ஒன்றுமில்லை.

"பச்சை எரிந்தது," என்கிறார் டௌவ ஹோக்ஸ்ட்ரா,
ஈரத் தொப்பியைக் கழற்றாமல்.
"கதவு அசையும்போதும் பச்சைதான்.
சிவப்பு பிறகு வந்தது. பிறகு. எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதிக்கொண்டேன்.

கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மூவர் குடித்தனம்:
விளக்குக்காரன், கதவுக்காரன், கணக்கெழுதுபவன்.
ஒரே கூரை, ஒரே மின்சாரம்.
முகம் பார்த்ததில்லை.
சுவர்த் துளைகளில் சீட்டு போடுவார்கள்,
மூலையில் நேரம் குறித்து.
நேரம் பார்க்க மூவருக்கும் ஒரே சுவர்க்கடிகாரம்.

அதுதான் அன்றிரவு பதினோராம் விநாடியில்
தலைமைக் கடிகாரத்திடம் திட்டு வாங்கியது:
இரண்டு விநாடி முந்துகிறாய்.
சொன்ன சொல் தட்டாத பிள்ளை;
உடனே ஒன்பதுக்குத் திரும்பிவிட்டது.

ஆக ஒன்பதும் பத்தும் இரண்டு முறை நடந்தன.
கட்டளை முதல் பத்தில்.
கதவு இரண்டாம் ஒன்பதில்.
அதுவரை சரி, கதவின் மானம் தப்பியது.

விளக்கின் சீட்டை எடுத்தேன்.
பத்தாம் விநாடி: சிவப்பு.

எந்தப் பத்து?

முதல் பத்து என்றால் டௌவ பொய் சொல்கிறார்.
இரண்டாம் பத்து என்றால் மதகு கொன்றிருக்கும்.

காப்பீட்டிலிருந்து யெல்மர் அழைத்தான்:
"முன்னா, பின்னா? ஒரு சொல் போதும், விட்ஸ்கெ."
பதிவேட்டில் கதவு மேல்வரி, சிவப்பு கீழ்வரி.
ஆனால் கணக்கெழுதுபவன் எப்போதும்
கதவின் துளையைத்தான் முதலில் துழாவுவான்.
பழக்கம். பிறகுதான் விளக்குடையது.
வந்த வரிசை வேறு, எடுத்த வரிசை வேறு.
மூன்று நாள் அந்த இரு வரிகளையே பார்த்தேன்.
கதவு விளக்கைக் கேட்கவில்லை,
விளக்கு கதவுக்குச் சொல்லவில்லை.
ஒன்றையொன்று அறியாத இரண்டு காரியங்களில்
எதை முன் என்பது?
இரண்டு புரி, கையில் எடுத்தவன் எப்படி முறுக்கினானோ
அப்படி ஒரு பின்னல்.
பின் என்று நாம் சொல்வது பாதி நேரம் அதுதான்.

அறிக்கையில் எழுதினேன்: தெரியாது.
மேலதிகாரி அடித்துவிட்டு
'உறுதிசெய்ய இயலவில்லை' என்றார்.
அது கொஞ்சம் கோட் போட்ட தெரியாது.

இனி மூலையில் மணி மட்டும் போதாது, எண்ணும் போடட்டும்.
ஒவ்வொரு சீட்டுக்கும் ஒன்று கூட்டு.
வந்த சீட்டில் உன்னுடையதைவிடப் பெரிய எண்ணா,
அதை உனதாக்கி அதற்கு மேல் ஒன்று கூட்டு.
கதவே, நீ விளக்கைக் கேள்: சிவப்பா?
ஆம் என்ற சீட்டு கைக்கு வரும்வரை
கடல் கழுத்தைப் பிடித்தாலும் அசையாதே.
அந்த ஆம், உன் அசைவுக்கு முன்;
எந்தக் கடிகாரம் எங்கே ஓடினாலும் முன்.

வியாழக்கிழமை டௌவ கையெழுத்திட வந்தார்.
கிழங்கெல்லாம் முளைவிட்டுவிட்டதாம்.
தேதிக்குப் பக்கத்தில் நேரம் என்று ஒரு கட்டம்.
"மணி என்ன?"
சுவரைப் பார்த்தேன், கைபேசியைப் பார்த்தேன்,
திரையின் ஓரத்தைப் பார்த்தேன்.
மூன்று விடை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை.
பேனாவை உதறி
அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நெருக்கி எழுதினார்:

இவள் தந்த காபிக்குப் பிறகு.
மழைக்கு முன்.