ஈரக் கழிவு

திங்கள் காலை எட்டரைக்கு
எடைமேடைக் கணினியைத் திறந்தேன்.
கணக்குக்குப் பதில்
ஒரு காட்டெருமை நின்றது.
வெள்ளைக் காலுறை போட்ட கால்கள்,
மூக்கில் புகை, கீழே ஒரு வரி:
'உங்கள் தராசு நடிக்கிறது.'
கையெழுத்து: காட்டி.

எங்கள் மலையில் அந்த மாட்டுக்கு அதுதான் பெயர்.
இரவில் அரவேணு வளைவில் நிற்கும்,
பஸ்ஸே ஒதுங்கிப் போகும்.
பங்களாச் சுவரைத் தாண்டாது.
வேலி இல்லாதவர் பீன்ஸ் பாத்தியில் இறங்கும்.

மத்தியானத்துக்குள்
நாலு வருஷத்து இலைக் கணக்கு எல்லார் போனிலும்.
நான் அடித்த கணக்கு.
நூற்றுக்கு எட்டு கிலோ ஈரக் கழிவு,
ஜூலை மழையில் எட்டு,
மார்ச்சில் இலை கையில் நொறுங்கும்போதும் எட்டு.
போஜன் அண்ணன் கேட்டில் நின்று கத்தினார்:
"மாசி மாசத்துல எங்கய்யா ஈரம்?
இலையிலயும் இல்ல, உங்க நெஞ்சுலயும் இல்ல,
அப்புறம் எதைக் கழிச்சீங்க?"
கூட்டம் சிரித்தது.
கண்ணாடிக்குப் பின்னால் நானும்.

செவ்வாய் இரவு ஈரம் மூன்றாய் இறங்கியது.
பையன்கள் எருமைப் படத்தை
பிக்கப் வண்டிகளில் ஒட்டிக்கொண்டார்கள்.

புதன்கிழமை இன்னொரு கோப்பு வந்தது.
முன்பண நோட்டு.
யார், எவ்வளவு, எதற்கு.
'எதற்கு' என்ற கட்டம் முதலாளி கேட்டது.
நிரப்பியது நான்,
சொன்னது சொன்னபடி, எழுத்து விடாமல்:
'மாதியம்மா, பன்னிரண்டாயிரம்.
மகளுக்கு, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி.
வெளியே சொல்ல வேண்டாம்.'

அந்தக் கடைசி மூன்று சொல்லையும்
அடித்து வைத்திருக்கிறேன்.
ஊர் அதையும் சேர்த்தே படித்தது.
ஆறு நாற்பது பஸ்ஸில்
அந்தப் பெண்ணின் ஜன்னல் சீட்டு காலி.

அதன் பிறகு காட்டிகள் பெருகின.
ஒன்று மன்னிப்புக் கேட்டது.
ஒன்று, 'பாதியை மறைக்கச் சொல்கிறவன்
முதலாளியின் ஆள்' என்றது.
இன்னொன்று முதலாளியிடமே ஐந்து லட்சம் கேட்டது,
அதே எருமை, அதே மூக்குப் புகை.
'அது நாங்கள் இல்லை' என்றது முதல் காட்டி.
நாங்கள் என்றால் யார் என்று
கோத்தகிரியில் ஒருவருக்கும் தெரியவில்லை.
காட்டுவதும் காட்டிக்கொடுப்பதும்
அந்த வாரம் ஒரே வேலையாய் இருந்தது.

ஊட்டியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார்.
பாஸ்வேர்டு எங்கே இருந்தது?
கீபோர்டுக்கு அடியில் சார், ஒட்டுத்தாளில்.
பிரிண்டர் சரிசெய்ய வந்த பையன் பெயர்?
தெரியாது. சிவப்பு மப்ளர்.
அப்போது நீங்கள்?
டீ குடிக்கப் போனேன்.
எவ்வளவு நேரம்?
முக்கால் மணி.
அவர் பேனாவை மூடினார்.
"தேயிலை ஃபேக்டரியில ஒரு டீ குடிக்க
முக்கால் மணி நேரமா, மிஸ் ஜெபக்கனி?"
சூடாக இருந்தது சார், என்றேன்.

சூடாகத்தான் இருந்தது.
இலைக் கணக்கை மட்டும் எடுப்பார்கள்
என்று நினைத்து ஆற ஆறக் குடித்தேன்.
கதவைத் திறந்துவிட்டவள்
எந்த அறை என்று சொல்லவில்லை.

நேற்று மாதியம்மா வந்தார், இரண்டு மூட்டை.
என்னைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தார்.
ஈரம் மூன்று என்று சீட்டு அச்சாகி வந்தது.
வெளியே நல்ல சாரல்.
சீட்டை மடிக்கவில்லை, மடியில் செருகவில்லை,
விரல் நுனியில் பிடித்தபடி
நனையவிட்டே நடந்தார்.
கேட்டைத் தாண்டுவதற்குள்
மூன்று கரைந்திருக்கும்.