வரிசையில் பதினோராவது

இனாரிக்கு வடக்கே பனி தள்ளும் வண்டியில்
விடியும்வரை எனக்கு ஒரு குரல் வேண்டும்.

சந்தா கட்டினால் உடனே கிடைக்கும்.
கட்டினேன், இரண்டு மாதம்.
நிறுத்திய அன்றே அலமாரி துடைத்துவிட்டது.

இலவசப் பதிவு ஒன்றில்
வாசிக்கிறவர் பாதி வாக்கியத்தில் தும்முகிறார்,
அடுத்த அறையில் ஒரு நாய்.
கதை மறந்துபோச்சு. நாய் இருக்கிறது.

நூலகச் செயலியில் காசு வேண்டாம், பொறுமை வேண்டும்.
அந்தக் கொலைக் கதைக்கு
நான் பதினோராவது ஆள்.

அதனால் நூலகப் பேருந்தில் குறுந்தகடுகள் எடுத்தேன்,
சிக்னல் செத்த காட்டிலும் பேசும், பன்னிரண்டு.
எட்டாவது உறைக்குள் மட்டும்
யாரோ மீன் வாங்கிய ரசீது.
ஏழின் கடைசியில் மருத்துவர் படகில் ஏறுகிறாள்;
ஒன்பது தொடங்கும்போது
அவளுக்கு இரங்கல் கூட்டம்.

கைபேசி அதிர்ந்தது:
‘நீங்கள் இப்போது பத்தாவது.’

காமனென் சந்திப்பில் எதிரே அஸ்லாக்கின் வண்டி,
விளக்கை இருமுறை சிமிட்டி நின்றது.
கண்ணாடியை இறக்கினான்.
உள்ளே அதே வாசிப்பாளர், ஒன்றரை மடங்கு வேகத்தில்,
கடைசி ரயிலுக்கு ஓடுகிற மாதிரி.
“மூணு நாள்ல திருப்பி எடுத்துக்குவாங்க” என்றான்.

“படகுல ஏறினாளே,” என்றேன், “அப்புறம்?”

மைனஸ் முப்பத்தொன்று.
இரண்டு எஞ்சின்களும் உறும உறும
அவன் சொன்னான், மோசமாக,
அக்கா பெயரைத் தங்கைக்கு வைத்து,
நடுவில் மூக்கைச் சிந்தி,
“இரு, இரு, அதுக்கு முன்னாடி” என்று திரும்பப் போய்.

வீடு வந்ததும்
வரிசையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன்.
எனக்குப் பின்னால் நிற்கிற யாரோ
இந்நேரம் ஓர் அடி நகர்ந்திருப்பார்.