ஏழாம் எண் குடுவை

உம் அல் குவைன் காயலில்
விடியுமுன் மொண்டு வந்த தண்ணீர்.
ஆகஸ்ட். வாளியின் பிடியே சுட்டது.
நுண்ணோக்கியின் கீழே ஒரு பச்சைப் புள்ளி,
அதைச் சுற்றி
அரிசி களைந்த நீரில் தூசி மாதிரி
இருபது முப்பது பேர்.

"கூட்டத்தைக் கலை" என்றார் டாக்டர் நஷ்வா.
அவருக்குப் பாசி மட்டும் வேண்டும்.
ஒற்றையாய், சுத்தமாய்.
மருந்து ஊற்றினேன், வடிகட்டினேன்,
மறுபடியும் ஊற்றினேன்.
ஒரு பாக்டீரியாவும் மிச்சமில்லாத
ஏழாம் எண் குடுவையில்
வெளிச்சம் இருந்தது, உப்பு இருந்தது,
உரம் அளந்து போட்டிருந்தேன்.
நான்காம் நாள் வெளிறியது.
ஒன்பதாம் நாள்
நாள்பட்ட வெள்ளைச் சட்டையின் காலர் நிறம்.

பி பன்னிரண்டு.
வெயிலைப் பிடித்துச் சர்க்கரை ஆக்கத் தெரியும்,
நாம் இழுக்கும் மூச்சில் பங்கு போடத் தெரியும்,
இந்த ஒரு வைட்டமின் மட்டும்
இந்தப் பாசிக்குச் செய்ய வராது.
செய்யத் தெரிந்தவை அந்தத் தூசிகள்.
பாசியின் உடம்பிலிருந்து இனிப்பு கசியும்;
வாலைச் சுழற்றி மோப்பத்தில் வந்து சேரும்.
பற்று வரவு எழுத யாருமில்லை.

வெள்ளி இரவு, யாரையும் கேட்காமல்,
ஒரு சொட்டுக் காயல் நீரைத் திருப்பி விட்டேன்.
திங்கள் காலை
பச்சை.

ஆறு பேர் படுக்கும் அறையில்
மேல்கட்டில் ரோவெனாவிடம் சொன்னேன்.
"அட, நம்ம கதை" என்று சிரித்தாள்.
பாதிதான் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

பாசி இளமையாய் இருக்கும்வரை
வைட்டமின் தந்து, எதிரியை விரட்டி
ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு வகை.
பாசிக்கு வயதாகும்.
சுவர் தளர்ந்து வேறொன்று கசியத் தொடங்கும்.
அந்த வாசனை பட்டதும்
அதே பாக்டீரியா, அதே இடத்தில் ஒட்டியபடியே
மருந்தை நிறுத்தி நஞ்சு சமைக்கும்.
பிறகு சாப்பிடும்.

ரோவெனா ஒன்றும் சொல்லவில்லை.
போனை முகத்தருகே இழுத்துக்கொண்டாள்.
அந்த நீல வெளிச்சம் வெகுநேரம் அணையவில்லை.

ஆய்வேட்டில்
"மனம் மாறுகிறது" என்று எழுதி அடித்தேன்.
மனம் எங்கே இருக்கிறது அதற்கு?
"சுரப்பு மாறுகிறது" என்று எழுதினேன்.
அதுவும் என்னவோ போலிருந்தது, விட்டுவிட்டேன்.

இன்று நாற்பத்தோராம் நாள்.
ஏழாம் எண்ணில் இன்னும் பச்சைதான்,
விளிம்பில் லேசாய் ஒரு மஞ்சள்.
சொட்டில் எந்த வகை வந்ததென்று
நான் பார்க்கவில்லை அன்றைக்கு.
இப்போது மூடியைத் திறந்து
மோந்து பார்க்கிறேன்,
மனித மூக்குக்கு எட்டாது என்று தெரிந்தும்.