திட்டு

டொக்டர் நுஸ்ரத் மருந்துத் துண்டின் பின்புறம்
என் கணையத்தை வரைந்தார்.
தலை பெருத்து வால் சிறுத்த கெளுத்தி மாதிரி இருந்தது.
உள்ளே பேனையால் புள்ளி புள்ளியாகக் குத்தி
"இதுகள்தான் திட்டுகள்" என்றார்.

எனக்குத் திட்டுத் தெரியும்.
இருபத்திரண்டு வருடமாய்க் குருக்கள்மடத்துக்கும்
அம்பிளாந்துறைக்கும் பாதை ஓட்டுகிறேன்.
பாதை என்றால் எங்களுக்கு ரோட்டு இல்லை,
மோட்டார் சைக்கிளும் ஆடும் டீச்சர்மாரும் ஏறி நிற்கிற
மிதக்கும் இரும்புத் தட்டு.
மாரியில் வாவி ஏறினால் திட்டுகள் தாழும்.
நீர் வடிய மறுகா வரும், கொக்கோடு.

என்னுடையவை வரவில்லை.
பதினொரு வயதில் போயின.
வெள்ளமில்லை, வெளியாளில்லை.
என் இரத்தத்தின் காவற்காரரே
சொந்த ஆட்களை அடையாளம் தெரியாமல்
ஒவ்வொன்றாய்ச் சுட்டு முடித்தார்கள்.
அது தொண்ணூறாம் ஆண்டு.
அதனால் பெரிய புதினமாகப் படவில்லை.

கரண்ட் இல்லாத படுவான்கரையில்
இன்சுலின் குப்பி ஈரமணல் சட்டிக்குள் கிடந்தது.
சாவடியில் ஒருவன் அதைக் குலுக்கி, மணந்து,
சீனியே இல்லாத ஊரில் சீனி வருத்தமா என்று
பாதித் தமிழில் கேட்டுச் சிரித்தான்.
நானும் சிரித்தேன்.

டொக்டர் சொல்லிக்கொண்டே போகிறார்:
வெளிநாடுகளில், செத்தவரின் கணையத்திலிருந்து
திட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து
ஒரு நாளம் வழியே ஈரலுக்குள் சொட்டவிடுவார்களாம்.
"நாற்று நடுவது போல."
காத்தான்குடிப் பிள்ளை, வயல் அறியாது.
எங்கள் பக்கம் ஆர் நடுகிறது?
எறிந்து விதைப்பதுதான்.
விழுந்தது விழுந்த இடத்தில் பிடிக்கும்,
மிச்சம் குருவிக்கு.
"அதேதான்" என்றார் உடனே.
கொஞ்சம்தான் பிடிக்குமாம்.
சிலருக்கு இரண்டாம் விதைப்பும் வேண்டுமாம்.
அதற்கு இன்னொரு வீட்டில் சாவு விழவேண்டும்.

கணையத்துச் சனம் ஈரலில் இருந்து உழைக்கிறதென்றால்
இடம்பெயர்ந்து போனவர்கள்
வேற்றூரில் கடை போட்ட கதைதான்.
அது விளங்குகிறது.
ஆனால் காவற்காரரை
நாள்தோறும் குளிசை கொடுத்துத் தூங்கவைக்க வேண்டும்.
அவர்கள் தூங்கினால்
எந்தக் காய்ச்சலும் கேட்காமல் உள்ளே வரும்.
புண்ணோடு வாவியில் கால் வைக்க முடியாது.
என் தொழிலோ இது.

எப்படியும், இங்கே இல்லை என்றார்.

"என்னிடமிருந்து எடுக்க ஏதும் உண்டா?"
யாரும் கேட்காத கேள்வி போல் நிமிர்ந்து பார்த்தார்.
கணையம், தலையசைத்தார்.
சிறுநீரகம், கொஞ்சம் யோசித்து, தலையசைத்தார்.
"கண் எடுக்கலாம், பேரின்பம்."
அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்கள்.

அன்று கடைசிப் பாதை.
நடு வாவியில் வேர்த்து, கை நடுங்கி,
கரை இரண்டாய்த் தெரிந்தது.
ஏறியிருந்த ஒரு டீச்சர், பேர் தெரியாது,
ஒன்றும் கேட்காமல்
டொபி ஒன்றை உரித்து என் வாயில் வைத்தார்.
கரை ஒன்றாகும் வரை ஆரும் பேசவில்லை.

துண்டு சட்டைப் பையில் வேர்வையில் ஊறிக்
கெளுத்தி கலைந்துவிட்டது.
திட்டுகள் மட்டும் மிச்சம்,
பேனை குத்திய இடங்களில் ஓட்டையாய்.